மண்டபத்து ஆள்

ஸ்காபரோ
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணை,

போனில் கேட்டால் நீங்கள் "ஓம்", "இல்லை" தவிர ஒன்றும் சொல்லமாட்டீர்கள். எழுத்தில் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

என் பிள்ளை ஆரூரனுக்கு ஓட்டிசம் என்று டொக்டர்மார் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஆறு வயதாகியும் அவன் சொற்களைச் சேர்த்துக் கதைப்பதில்லை. நீங்கள் கேட்ட போதெல்லாம் "கெட்டிக்காரன், கொஞ்சம் குழப்படி" என்று சமாளித்தேன். உங்களிடம் மட்டுமில்லை, எல்லாரிடமும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டு வந்தேன். மாமி, சுபாஸின் அம்மா, எங்களோடுதானே இருக்கிறா. "எங்கடை பக்கத்திலை இப்பிடி ஒருத்தரும் இல்லை" என்று அவ சொல்லாத கிழமை இல்லை.

இங்கே ஒரு வைத்தியசாலையில் ஓட்டிசம் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடக்கிறது. பிள்ளை, தாய், தகப்பன் மூவரின் உமிழ்நீரையும் எடுத்துப் பரம்பரையலகுகளைப் பார்க்கிறார்கள். விரும்பினால் தாய் தகப்பனின் சகோதரங்களும் சேரலாம். ஆரூரனும் சுபாஸும் நானும் கொடுத்துவிட்டோம், சுபாஸின் தம்பியும் கொடுத்துவிட்டார். என் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் போன பிறகு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். உறவினருக்கான கேள்விகளை இதோடு அனுப்பியிருக்கிறேன். சுபாஸின் தங்கச்சி தனுசியாவின் கலியாணம் ஜூலையில் அங்கே உடுவிலில் வைப்பதாக முடிவு. அதற்கு வரும்போது உமிழ்நீர் எடுக்கும் குழாயைக் கொண்டுவந்து தருவேன்.

உங்களில் ஏதும் பிழை என்று நினைத்துக் கேட்கவில்லை. ஆய்வுக்குத்தான். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்
நிவேதனா


அரியாலை
18 பெப்ரவரி 2024

அன்புள்ள நிவேதனா,

ஆரூரன் என்ன சாப்பிடுகிறான்? இரவில் நித்திரை கொள்கிறானா? அதை நீ எழுதவில்லை.

கேள்விகளை ரியூசன் சென்ரரில் வைத்து, எல்லாரும் போன பிறகு வாசித்தேன். இப்போதும் எனக்கு அங்கே வினாத்தாள் தட்டச்சுச் செய்கிற வேலைதான். வகுப்பு எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அது எனக்கு நிம்மதி.

"சில சத்தங்கள் உங்களுக்கு நோவு போல இருக்குமா?" என்று ஒரு கேள்வி. அம்மா தேங்காய் துருவ முன் என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவா, உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒருவருடன் கதைக்க முன், சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பீர்களா?" என்று இன்னொன்று. பாண் வாங்கப் போகும்போதுகூட நான் சொல்லிப் பார்க்கிறேன். கடைக்காரர் வேறு ஏதாவது கேட்டுவிட்டால் பாண் வாங்காமலே திரும்பி வந்திருக்கிறேன். சனம் அதைப் பெருமை என்றது. மாமா ஒருமுறை, "இவன் ஒரு குணங்கெட்டவன்" என்று என் முன்னாலேயே சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மற்றவர்கள் சுலபமாகச் செய்வதை நான் வேண்டுமென்றே செய்யாமல் விடுகிறேன், முயற்சி போதாது என்று.

வாசித்து முடித்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து திரும்பவும் வாசித்தேன். என்னை ஒருநாளும் காணாத ஒருவர், நான் யாருக்கும் சொல்லாதவற்றை எப்படிக் கேள்வியாக எழுதினார்? ஆரூரனுக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன், நிவேதனா. இங்கே ஒரு டொக்டரைப் பார்க்கப் போகிறேன்.

இந்த ஆய்வில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கண்டுபிடித்த பின் அதை வைத்து என்ன செய்வார்கள்? இது தெரிந்தால் உமிழ்நீர் தருகிறேன். ஜூலையில் ஆரூரனை நான் பார்க்கலாமா?

ஜெயதீபன்


ஸ்காபரோ
9 மார்ச் 2024

அன்புள்ள அண்ணை,

பிந்தி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். ஆரூரன் வெறும் நூடில்ஸும் அப்பிளும்தான் சாப்பிடுகிறான். நித்திரை குறைவு.

நீங்கள் டொக்டரிடம் போக வேண்டிய தேவை இல்லை. இந்த வயதில் பெயர் ஒன்று வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? வேலை செய்கிறீர்கள், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள், ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. அதோடு சுபாஸின் சின்னம்மா ஒருவவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில்தான் வேலை. கதை ஒன்று வெளிக்கிட்டால் உடுவில் முழுக்கப் பரவும். தனுசியாவின் கலியாண நேரத்தில் அது வேண்டாமே.

ஆய்வு காரணத்தை அறியத்தான். காரணம் தெரிந்தால் பிள்ளைகளுக்கு உதவலாம்தானே.

இன்னொன்று. கலியாணத்துக்கு நீங்கள் மண்டபத்துக்கு வராமல் விடுவது நல்லது என்று நினைக்கிறேன். மேளம், ஸ்பீக்கர், சனம் எல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. கலியாணம் முடிந்த பிறகு ஆரூரனை அரியாலைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். அங்கே ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.

நிவேதனா


அரியாலை
6 ஏப்ரல் 2024

அன்புள்ள நிவேதனா,

உன் கடிதம் வர முன்பே டொக்டரிடம் நாள் எடுத்துவிட்டேன். அதனால் போனேன்.

இளம் டொக்டர், பெண். "வளந்த ஆக்களுக்கெண்டு இஞ்சை தனிக் கிளினிக் இல்லை. எண்டாலும் நான் கதைக்கிறன், இருங்கோ" என்றா. சுழலும் மின்விசிறியை நான் கேட்க முன்னமே நிறுத்தினா. சின்ன வயதில் என்னைத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று சொன்னதால் இரண்டாம் முறை மார்க்கண்டு மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பித்தவர்.

அவர் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். டொக்டர், "கதைக்கேக்கை முகத்தைப் பாப்பாரோ?" என்று கேட்டா. "இல்லைப் பிள்ளை. மரியாதை இல்லாதவன் எண்டு அதுக்கு நான் அடிச்சனான். கனதரம் அடிச்சனான்" என்றார் மாஸ்டர். ஓட்டோவில் திரும்பி வந்தோம். தன் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் என் கையைப் பிடித்தார். எனக்குக் கை பிடிப்பது பிடிக்காது என்று தெரிந்த உடனே விட்டுவிட்டார்.

டொக்டர் சொன்னது: ஓம், எனக்கு ஓட்டிசம்தான். வருத்தம் என்று நினைக்கத் தேவையில்லையாம். மூளை வேறு விதமாக அமைந்திருக்கிறது, அவ்வளவுதானாம். வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். சந்தோசமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா எத்தனை கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. நான் திருந்தவேண்டும் என்றே எல்லா நேர்த்தியும். நான் ஒருநாளும் திருந்தவில்லை என்ற வெட்கத்தோடேயே அவவின் கொள்ளிக் குடத்தைத் தூக்கினேன்.

மண்டபத்துக்கு வரமாட்டேன். என் காதைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறாய். அப்படி யோசிப்பவர்கள் குறைவு. நன்றி.

ஜெயதீபன்


அரியாலை
21 ஜூலை 2024

நிவேதனா,

நீங்கள் கொழும்புக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஆரூரனைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. வந்த கிழமை நீ தனியாக வந்து தந்துவிட்டுப் போன குழாய் மேசையில் இருக்கிறது.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே பிழை விட்டேன் என்று சொல்.

கலியாணத்தன்று காலை நீதான் போன் எடுத்தாய். "அண்ணை, ஆரூரன் மேசைக்குக் கீழை போயிட்டான், தலையை நிலத்திலை அடிக்கிறான், ஆரையும் கிட்ட விடுறானில்லை, உடனை வாங்கோ" என்றாய். அழுதாய். நான் மோட்டர் சைக்கிளில் உடுவிலுக்கு வந்தேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. காதுக்குள் பஞ்சு வைத்திருந்தேன், போதவில்லை. மண்டபத்தின் பின்னறையில் உன் மாமியும் உறவுப் பெண்களும் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். லைற்றை நிறுத்தி, கதவைச் சாத்தி, மேசைக்கு மற்றப் பக்கத்தில் நிலத்தில் படுத்தேன். அவனோடு கதைக்கவில்லை. அப்படியான நேரத்தில் யாரும் என்னோடு கதைக்காமல் இருந்தால் எனக்கு நல்லது. அதனால் அவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மேளம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் தலையை அடிப்பதை நிறுத்தினான். பிறகு தன் காலைக் கொண்டுவந்து என் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

கதவைத் திறந்தபோது, என்னை ஒருநாளும் கண்டிராத மாமி உன்னிடம், "ஆர் பிள்ளை உந்தாள்?" என்று கேட்டா. நீ என்னைப் பார்த்தாய். "மண்டபத்து ஆள் மாமி. ஏதோ சத்தம் கேட்டு வந்தவர்" என்றாய். சுபாஸ் பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்தார்.

மாமி எனக்கு நன்றி சொன்னா. "பாவம், சாப்பிட்டிட்டுப் போம்" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சமையல்காரரோடு இருத்தினா. நான் சாப்பிட்டேன். "நான் ஆரூரனின் மாமன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேறு விதமாகச் சொல்லிவிட்டாய். உன்னைப் பொய்க்காரி ஆக்குவதா என்று யோசித்து முடிய முன் வாழையிலை போட்டுவிட்டார்கள்.

அங்கே மாமி இன்னொருவவிடம் சொன்னது கேட்டது. "இவளின்ரை பக்கத்திலை ஆரும் உப்பிடி இருக்கினமோ எண்டு எச்சில் எடுத்துப் பாக்கப் போகினம். அது தெரிஞ்ச பிறகுதான் ரெண்டாவது பிள்ளையைப் பற்றி யோசிக்கிறதாம்."

ஆய்வு எதற்கு என்று நான் பெப்ரவரியில் கேட்டேன். காரணம் அறிய என்று எழுதினாய். இப்போது விளங்கிவிட்டது. என்னைப் போல இன்னொரு ஆள் பிறக்க வேண்டாம் என்று முடிவெடுக்க, என்னிடமே எச்சில் கேட்டிருக்கிறாய்.

மண்டபத்துக்கு வரவேண்டாம் என்றது என் காதுக்காகவா? அதற்கு மட்டும் பதில் எழுது.

ஜெயதீபன்


ஸ்காபரோ
12 ஓகஸ்ட் 2024

அண்ணை,

காதுக்காக இல்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பல நாட்கள் அப்படியே மூடி வைத்திருந்தேன். அனுப்பவும் துணிவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. உங்கள் சட்டையில் நிலத்துத் தூசி. தலைமயிர் கலைந்திருந்தது. காதில் பஞ்சு. பட்டுச் சேலையோடு அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். மாமி கேட்ட அந்த ஒரு கணத்தில், "என்ரை அண்ணை" என்றால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. "அப்ப உங்கடை பக்கத்திலை இருந்துதான்" என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது தெரிந்தது. என் பிள்ளையை ஆற்றிக் கையில் தந்தவரை வேலைக்கு வந்த ஆள் என்றேன். நீங்கள் சமையல்காரரோடு குந்தியிருந்து சாப்பிட்டதை யன்னலால் பார்த்தேன். வந்து எழுப்பியிருக்கலாம். திரும்பி நடந்துபோய்ப் படத்துக்கு நின்றேன். அந்தக் கலியாணப் படங்களில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கவே கூசுகிறது.

இரண்டாவது பிள்ளை பற்றி உங்கள் காதில் விழுந்தது உண்மை. சுபாஸுக்கு விருப்பம், ஆனால் பயம். எனக்கும்தான். இங்கே திரும்பி வந்தவுடன் ஆய்வு செய்யும் பெண்ணிடம் போய், "இது எந்தப் பக்கத்தால் வந்தது, அடுத்த பிள்ளைக்கும் வருமா?" என்று நேரடியாகவே கேட்டேன். அப்படி ஒரு பதிலை இந்த ஆய்வால் தர முடியாது, அதற்காக இது நடக்கவுமில்லை என்றா. ஒரு பரம்பரையலகு இல்லையாம், எத்தனையோ சேர்ந்ததாம், இரண்டு பக்கத்தாலும் வரலாமாம். இதையெல்லாம் முதல் நாளே எனக்கு விளங்கப்படுத்தியதாகவும் சொன்னா. உண்மைதான். எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

கோபப்படாமல் இதையும் வாசியுங்கள். சின்ன வயதில் அம்மாவுக்கு நீங்கள் மட்டும்தான். உங்களுக்குப் படாத சாப்பாடு வீட்டில் இல்லை, உங்களுக்கு ஒத்துவராத இடத்துக்கு நானும் போகவில்லை. பரிசளிப்பு விழாவில் என் பெயரை வாசித்தபோது எங்கள் வீட்டார் ஒருவரும் வரவில்லை. "அண்ணையை விட்டிட்டு எப்பிடி வாறது" என்றா அம்மா. அப்போது இருந்தே உங்களைப் பற்றி யாரும் கேட்டால் எனக்குள் ஒன்று சுருங்கும். இது நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாமிக்குப் பயந்து மட்டும் அப்படிச் சொன்னேன் என்றால் அது இன்னொரு பொய்.

குழாயை எறிந்துவிடுங்கள்.

நிவேதனா


அரியாலை
25 ஓகஸ்ட் 2024

நிவேதனா,

பரிசளிப்பு விழா எனக்குத் தெரியாது. நீ பரிசுப் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தது தெரியும். அதை நான் வாங்கி வாசித்தேன். உன்னோடு யாரும் வரவில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் செய்யாத ஒன்றுக்கு வெட்கப்பட வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் வெட்கம் இருக்கிறது.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. சமைக்கும்போதும் வினாத்தாள் அடிக்கும்போதும் "மண்டபத்து ஆள்" என்ற சொல் வருகிறது. சத்தம் என்றால் பஞ்சு வைக்கலாம். இதற்கு என்ன வைப்பது?

குழாயை எறியவில்லை. அது உன்னுடையதில்லை, ஆய்வுக்காரருடையது. அதோடு தந்த தாளில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. பெப்ரவரியில் உன்னிடம் கேட்ட அதே கேள்விகளைத்தான் கேட்டேன். அந்தப் பெண் உடனே பதில் எழுதினா. ஓட்டிசம் உள்ள ஆட்கள் சிலரும் தங்கள் குழுவில் வேலை செய்கிறார்களாம், நான் கேட்ட கேள்வியை அவர்களும் கேட்கிறார்களாம். கண்டுபிடிப்பதை வெளியில் யார் எப்படிப் பாவிப்பார்கள் என்று தன்னால் உறுதி தர முடியாது என்றும் எழுதியிருந்தா. தெரியாததைத் தெரியாது என்று எழுதியதால் எனக்கு அவவில் மதிப்பு. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமிக்குச் சொல். நான் கேட்பது எனக்காக. ஒருவ என்னை நான் இல்லாத ஒரு ஆளாக நினைத்துக்கொண்டிருப்பது எனக்குக் கரைச்சலாக இருக்கிறது.

ஜெயதீபன்


ஸ்காபரோ
16 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணை,

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, சாப்பாட்டு மேசையில். சுபாஸ் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. "மாமி, அண்டைக்கு மண்டபத்திலை ஆரூரனைப் பாத்தவர் வேலை ஆள் இல்லை. என்ரை அண்ணை. அவருக்கும் ஓட்டிசம்" என்றேன்.

இத்தனை மாதமாக நான் பயந்த வசனம் ஒன்று இருந்தது. அதற்காகக் காத்திருந்தேன். மாமி அதைச் சொல்லவில்லை. கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தா.

"உம்மடை அண்ணையோ?"

"ஓம் மாமி."

"சொந்த அண்ணையோ?"

"ஓம்."

"அந்த மனிசனை நான் கொண்டுபோய் அடுப்படியிலை இருத்தினனே. சம்பந்தி முறையான ஆளை. நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர்." தட்டைத் தள்ளி வைத்தா. "என்னை எப்பிடிப்பட்டவள் எண்டு நினைச்சனீர் பிள்ளை? நான் வாயாலை ஆயிரம் சொல்லுவன். அதுக்காக உம்மடை அண்ணையை வீட்டுக்குள்ளை விடமாட்டன் எண்டு நினைச்சனீரோ?"

எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டா. இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "எங்கடை பக்கத்திலை இல்லை" என்று சொல்லிச் சொல்லி என்னை நசுக்கியதும் அவதான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவவுக்கு மனிசியாக நடக்க ஒரு சந்தர்ப்பம் வந்தது, அதை நான்தான் பறித்தேன். உங்களுக்குச் செய்த அநியாயத்தில் அவவையும் கூட்டாக்கிவிட்டேன்.

நேற்று, உங்கள் நம்பர் கேட்டா. நீங்கள் போனில் கதைக்கமாட்டீர்கள் என்றேன். "அப்ப எழுதுறன். நீர் பாக்கக் கூடாது" என்று சொல்லிச் சுபாஸிடம் ஐபேட்டை வாங்கிக்கொண்டு போனா.

அண்ணை, மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நிவேதனா


அரியாலை
29 செப்ரெம்பர் 2024

அன்புள்ள நிவேதனா,

உன் மாமியின் கடிதம் வந்தது. என்ன எழுதினா என்று உனக்குச் சொல்லமாட்டேன், அவ விரும்பவில்லை. பதில் எழுதிவிட்டேன்.

உமிழ்நீர் இப்போது தருவதில்லை என்று முடிவெடுத்து அந்த ஆய்வுக்காரப் பெண்ணுக்கு எழுதினேன். பிறகு மனம் மாறலாம். வளர்ந்த ஓட்டிசக்காரர் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டுச் செய்யும் இன்னோர் ஆய்வு இருக்கிறதாம். அதில் சேர்கிறேன். வேலை, சமையல், தனிமை, வயது போனால் யார் பார்ப்பது என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எனக்குத் தெரியாது.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். மன்னித்தேன் என்று எழுதினால் உனக்கு இலேசாக இருக்கும் என்று விளங்குகிறது. அந்தச் சொல்லை எனக்குள் தேடிப் பார்த்தேன், இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுவேன். வராமல் எழுதமாட்டேன். அதுவரை நீ எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

ஆரூரன் இப்போது என்ன சாப்பிடுகிறான் என்று எழுது. இரண்டாவது பிள்ளையை நீங்கள் பெறுவதும் விடுவதும் உங்கள் விஷயம். என் எச்சிலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பெற்று, அது என்னைப் போல இருந்தால், வளர்ப்பது கஷ்டம்தான். அம்மா பட்ட கஷ்டத்தை நீ கண்டாய், நான் இப்போதுதான் காண்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் காதுபட, அது யார் என்று ஒருவர் உன்னிடம் கேட்டால், உடனே சொல்லு. யோசிக்காமல் சொல்லு. யோசிப்பது பிள்ளைக்குத் தெரியும்.

ஜெயதீபன்